அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெயர்

எங்கள் மலையூர் ஸாரே போவலின் பள்ளிவாசலில் ரமலான் மாதத்துப் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு ஒரு வெள்ளை ஆட்டுத்தோல் விரிக்கப்படும். மூன்று தலைமுறைகளாக அது எங்கள் குடும்பத்துக்கு உரியது. அதில் உட்காருகிறவர் குர்ஆனைச் சொல் சொல்லாக அரபியில் ஓதி, ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் ஃபுலா மொழியில் பொருள் சொல்லுவார். முப்பது நாளில் வேதம் முழுவதும் முடியும். சொந்தமாக ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ அவருக்கு உரிமை கிடையாது. தன் ஆசான் வாயிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே சொல்ல வேண்டும்.

என் தாத்தா அதில் உட்கார்ந்தார். என் தகப்பனார் உட்கார்ந்தார். பிறகு என் அண்ணன் செர்னோ இஸ்மாயிலா இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தார். பொருளுரையை முழுவதும் ஓதி முடித்து ஆசானிடம் அனுமதி பெற்றவரைத்தான் நாங்கள் செர்னோ என்று அழைப்போம். எனக்கு அந்தப் பட்டம் கிடையாது. தகப்பனாரிடம் பாதி ஓதியிருந்தபோது போருக்கு ஆள் கேட்டுத் தலைநகர் திம்போவிலிருந்து முரசு வந்தது. கிழக்கே நான்கு ஆண்டுகள் இருந்தேன். திரும்பி வந்தபோது தகப்பனார் இல்லை, என் இடது முழங்கால் மடங்கவில்லை. அதற்குப் பிறகு ஓதுவது அண்ணனுடைய வேலை என்றும், மாடும் நிலமும் குடும்பத்தின் பெயரும் என் வேலை என்றும் ஆகிவிட்டது. அந்த வேலையை நான் குறையில்லாமல் செய்தேன். எங்கள் வீட்டார் சந்தையில் நின்று சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டார் உரத்த குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

அண்ணன் ரஜப் மாதத்தில் இறந்தார். ரமலானுக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவாகவே இருந்தது, நடுவில் ஷஃபான் மாதம் மட்டும்.

துக்கம் கேட்க வந்தவர்களில் அல்ஃபா மாஜுவும் ஒருவர். பள்ளிவாசலுக்குத் தெற்கே இருக்கும் குடும்பத்தின் தலைவர்; மதிப்புக்குரிய பெரியவர்களை நாங்கள் அல்ஃபா என்போம். அவருடைய தம்பி லாபே நகருக்குப் போய்ப் பொருளுரை முடித்து வந்தவர். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கோலாக் கொட்டையை மாஜு என் கையிலிருந்து வாங்கி மெதுவாகக் கடித்தார்.

"யேரோ, அண்ணனை மண்ணுக்குள்ள வச்சு நாலு நாள்தான் ஆகுது, இதைப் பேசக் கூடாதுதான். ஆனா பிறை நமக்காகக் காத்திருக்காதே. இந்த வருஷம் தோல்ல யார் உட்காருறா?"

"எங்க வீட்டு ஆள்."

"உங்க வீட்டுல யாரு? உனக்குப் பாதிதான். அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. உன் பசங்க மாடு மேய்க்கறதுல கெட்டிக்காரங்க, நான் ஒத்துக்கறேன்." கொட்டையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதே. என் தம்பி உட்காருவான். உங்க வீட்டுக்கு யாராவது வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

ஒருமுறை இடம் மாறினால் அது திரும்பி வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஷஃபான் மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சபையில பார்ப்போம்" என்று மட்டும் சொன்னேன். தோல் யாருக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்வது அங்கேதான். அவரை வேலி வாசல் வரை வழியனுப்பினேன். முதுகு நிமிர்ந்தே இருந்தது.

இருபது ஆண்டுகளாக ரமலான் தோறும் அண்ணன் சொன்னதை நான் கேட்டிருந்தேன். என் காதுக்கு முழுப் பொருளுரையும் தெரியும். ஆனால் காதால் கேட்டவனுக்கு அனுமதி கிடையாது. அனுமதி பெற்ற ஒருவர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் ஓதிக் காட்டி, அவர் வாயால் "சரி" என்று கேட்க வேண்டும். எங்கள் வழியில் ஓதி முடித்தவர் அண்ணனுக்குப் பிறகு யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அண்ணி கும்பாவிடம் போய், அண்ணனிடம் யாராவது முழுவதும் ஓதியிருக்கிறார்களா என்று கேட்டேன். அண்ணி முற்றத்தில் ஃபோனியோ தானியம் புடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். அண்ணன் மனைவி கொழுந்தனைக் கிண்டல் செய்வது எங்களுக்குள் உரிமை. அந்த உரிமையைத் துக்க நாட்களில்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஏன் கொழுந்தனாரே, இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"இருக்காங்களா இல்லையா?"

"இருக்கு. ஒரே ஒரு ஆள். எட்டு வயசுல ஆரம்பிச்சு, கல்யாணம் ஆகிப் போய், புருஷன் செத்துத் திரும்பி வந்து, நாலு வருஷம் முன்னாடி முடிச்ச ஆள்."

நான் எழுந்தேன்.

"உட்காருங்க!" அண்ணி முறத்தைத் தரையில் அடித்து வைத்தார். "மூணு தடவை அவரு உங்ககிட்ட சொல்ல வந்தாரு. மூணு தடவையும் இதே மாதிரி எழுந்து போனீங்க. இப்ப அவரு இல்ல. நாலாவது தடவை நான் சொல்றேன், காலை மடக்கி உட்காருங்க. மடங்காட்டி நீட்டியாவது உட்காருங்க."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் என் மூத்த பிள்ளையின் பெயரை ஒருநாளும் உச்சரித்தவன் அல்ல. எங்களில் கண்ணியமுள்ள எவனும் உச்சரிப்பதில்லை. மனைவியின் பெயரும் மாமனாரின் பெயரும் அப்படித்தான், ஆனால் மூத்த பிள்ளையின் பெயர் எல்லாவற்றையும்விடக் கனமானது. அந்தப் பிள்ளையை நாம் மடியில் வைத்துக் கொஞ்சுவதில்லை. நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. யாராவது புகழ்ந்தால் எழுந்து போய்விடுவோம். ஆசை எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடக்கம் வேண்டும் என்பதுதான் காரணம். பால் மறந்ததும் என் மூத்த மகளைப் பிள்ளையில்லாத அண்ணன் வீட்டில் விட்டேன். கல்யாணமாகிப் போயிருந்த நாட்கள் தவிர அவள் எனக்குக் கூப்பிடு தூரத்தில்தான் வாழ்ந்தாள். அவள் என்ன சாப்பிட்டாள், என்ன படித்தாள் என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. அவள் கணவன் இறந்த செய்தி வந்த அன்று நான் கொட்டிலில் ஒரு கன்றுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஊர் என்னை மெச்சியது.

அண்ணன் மூன்று முறை, "உன் பெரியது இருக்கே..." என்று ஆரம்பித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. மூன்று முறையும் நான் நல்ல மனிதன் செய்வதைச் செய்தேன்.

அண்ணி குடிலுக்குள் போய் ஒரு தோலுறையைக் கொண்டு வந்தார். உள்ளே ஒரு தாள், எங்கள் ஆசான்களின் வரிசை. அண்ணனின் கையெழுத்து, கொஞ்சமும் நடுங்காத கையெழுத்து. பாலைவன ஓரத்திலிருந்து வந்த ஆசானில் தொடங்கி, என் தாத்தா, என் தகப்பனார், தான் என்று எழுதி, அதற்குக் கீழே தன்னிடம் முதலிலிருந்து கடைசிவரை இருமுறை ஓதி முடித்தவர் என்று ஒரு பெயர். அந்தப் பெயரை நான் கண்ணால் வாசித்தேன். உதடு அசையவில்லை.

"இருமுறையா?" என்றேன்.

"ஒரு தடவை போதும்னு அவரு சொன்னாரு. அவதான் போதாதுன்னா."

*

மறுநாள் காலை, மாடுகள் மேய்ச்சலுக்குப் போன பிறகு, அண்ணன் குடிலின் வாசலுக்கு வெளியே ஆரஞ்சு மரத்தடியில் ஒரு தோலை விரித்து உட்கார்ந்தேன். அவள் உள்ளே, கதவுத் தட்டிக்குப் பின்னால். அண்ணி நடுவில், வாசற்படியில், கையில் நூற்கும் கதிரோடு. நாங்கள் இருவரும் நேரடியாகப் பேச முடியாது. எல்லாம் அண்ணி வழியாகத்தான்.

"அண்ணி, குகை அத்தியாயத்திலேருந்து ஓதறேன்னு சொல்லுங்க. அதுக்கு முந்தின பாதியை அப்பாகிட்டயே முடிச்சிட்டேன்."

உள்ளே இருந்து குரல் வந்தது. தாழ்ந்த, அவசரமில்லாத குரல். அவ்வளவு நீளமான ஒரு வாக்கியத்தை அந்தக் குரலில் நான் கேட்டது அதுவே முதல்முறை.

"பெரியம்மா, அப்பாகிட்ட சொல்லுங்க. தாத்தா பாதிக்கு அனுமதி குடுக்கலை. முழுசுக்குத்தான் அனுமதி உண்டு. அதனால ஆரம்பத்துலேருந்து."

"கேட்டுச்சா கொழுந்தனாரே? ஆரம்பத்துலேருந்து."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"அப்ப நான் எதுக்கு நடுவுல உட்கார்ந்து தொண்டையைக் காய வைக்கறேன்?"

ஆரம்பத்திலிருந்தே தொடங்கினேன். நான் ஒரு சொல்லை ஓதிப் பொருள் சொல்வேன். உள்ளே அமைதி என்றால் சரி என்று பொருள். தட்டியில் விரல் நகம் ஒருமுறை தட்டினால் தவறு. முதல் நாள் அந்த நகம் பதினேழு முறை தட்டியது. ஐம்பத்தாறு வயதில், சபையில் என் சொல்லுக்கு எதிர்ச்சொல் வராத மனிதன், ஒரு விரல் நகத்துக்குப் பயந்து வியர்த்தேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிக்கிறோம் என்ற வசனம் வந்தது. அதன் பொருளில் "பொறுத்திருக்கிறவர்களுக்காக" என்று ஒரு சொல் வரும். என் தகப்பனார் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். அதே போலத் தாழ்த்திச் சொன்னேன்.

நகம் தட்டியது.

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் தட்டியது.

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணி, சொல்லுங்க. இந்த இடத்தை நான் என் அப்பா வாயாலேயே கேட்டிருக்கேன். என் காதால. இதுல தப்பு இருக்க முடியாது."

உள்ளே இருந்து அந்தக் குரல் வந்தது.

"பெரியம்மா, அப்பாகிட்ட சொல்லுங்க. அவங்க கேட்டது நிஜம். ஆனா அந்தச் சொல் வரிசையில வந்ததில்லை. ஒரு வருஷம் மழை பொய்ச்சு, கன்னெல்லாம் செத்துக் கிடந்த ரமலான்ல, ஜனங்க அழுறதைப் பார்த்துத் தாத்தா தானா சேர்த்துக்கிட்டது. அடுத்த வருஷம் மழை வந்ததும் விட்டுட்டாரு. 'ஆறுதலுக்காகச் சேர்த்தேன், வேதத்துக்குப் பொருளாச் சேர்க்கலை'ன்னு பெரியப்பாகிட்ட சொல்லியிருக்காரு. பெரியப்பா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. ரமலான்ல கேட்டவங்களுக்குத் தெரியும்."

அண்ணி என்னிடம் திரும்பவில்லை. கதிர் அவர் கையில் நின்றுவிட்டது.

எனக்கு அந்த ஆண்டு நினைவு வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிவாசல் முற்றத்தில் பெண்கள் பக்கமிருந்து எழுந்த அழுகை, தகப்பனார் தொண்டையைச் செருமியது, அந்தச் சொல். ஒரே ஒரு ரமலானில் கேட்டதை நாற்பத்துநான்கு ஆண்டுகள் வேதம் என்று நெஞ்சில் வைத்திருந்தேன். அங்கே இருந்த நான் மறந்ததை, அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவள் அறிந்திருந்தாள். எந்தச் சொல் வானத்திலிருந்து வந்தது, எந்தச் சொல் ஒரு மனிதனின் இரக்கத்திலிருந்து வந்தது என்று பிரித்துக் காக்கிற ஒருத்தி அந்தத் தட்டிக்குப் பின்னால் இருந்தாள்.

"சரின்னு சொல்லுங்க அண்ணி" என்றேன். அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஓதினேன். நகம் தட்டவில்லை.

அன்றுமுதல் நான் ஓத உட்காருமுன் கைகால் கழுவிக்கொண்டு வந்தேன். அதுவரை அந்தக் குடில் வாசலுக்கு அது தேவை என்று நினைக்கவில்லை.

*

ஊரில் எதுவும் மறையாது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து செருப்பை மாட்டும்போது மாஜு என் பக்கத்தில் வந்தார். இன்னும் நாலைந்து பெரியவர்கள் இருந்தார்கள்.

"உன் வீட்டு ஆரஞ்சு மரத்தடியில புதுப் பள்ளிக்கூடம்னு கேள்விப்பட்டேன். மாணவனுக்கு நரைச்ச தாடியாமே?"

"கேள்விப்பட்டது சரிதான்."

"பொம்பளைங்க தொழுகைக்கு வேண்டியதைக் கத்துக்கட்டும், நோன்பு, சுத்தம், அதுவரைக்கும் நானும் சம்மதம். ஆனா பொம்பள வாயிலேருந்து இறங்கின பொருளை ரமலான்ல ஆம்பளைங்க நடுவுல விரிக்கறதா? நாளைக்கு அவங்க நம்ம வழக்கையும் தீர்ப்பாங்க. நாம போய்ப் பால் கறக்கலாம்."

ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "நம்ம ஆயிஷா அன்னைகிட்ட எத்தனை ஆம்பளைங்க கேட்டுக்கிட்டாங்க, மாஜு" என்று மெல்லச் சொன்னார்.

"அவங்க நபி வீட்டுல இருந்தாங்க. இது யேரோ வீடு."

எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் என் அண்ணன் இதே முற்றத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. அதையே சொன்னேன். "என் வீட்டுக்குள்ள இருக்கறவ அறியாம தப்பாத் தொழுதா அந்தப் பாவம் யார் தலையிலன்னு எங்கண்ணன் கேட்டாரு. அன்னிக்கு நீங்க பதில் சொல்லலை, மாஜு. இன்னிக்கும் வேண்டாம்."

மாஜு செருப்பு வாரை இழுத்துக்கொண்டே சொன்னார். "பதில் இருக்கட்டும். சபையில வரிசை சொல்லணும்ல? ஆசான் பேரை உன் வாயால சொல்லணும்ல? யேரோ, உன் வாயால?" அவர் முகத்தில் இப்போது கேலி இல்லை. கிட்டத்தட்ட இரக்கம். "நீ செத்தாலும் சொல்ல மாட்டே. அதனாலதான் நான் கவலைப்படலை."

அதை நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. சத்தியமாக யோசித்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். "என் சார்பா வேற யாராவது பேரைச் சொல்லலாமே? இமாம் சொல்லட்டும்."

அண்ணி பதில் சொல்லுமுன் தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பெரியம்மா, அப்பாகிட்ட சொல்லுங்க. வரிசையை வாங்கினவர் வாயாலதான் சொல்லணும். இல்லாட்டி அது வரிசை இல்லை, வதந்தி." பிறகு, "அப்பாவுக்குக் கஷ்டம்னா விட்டுடட்டும். தோல் போனா போகட்டும். அப்பா தலை குனியறதைவிட அது பரவாயில்லை" என்றாள்.

நான் எழுந்து கொட்டிலுக்குப் போனேன். ஒரு வேலையும் இல்லாமல் வெகுநேரம் மாடுகளுக்கு நடுவில் நின்றேன். அடக்கம் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் எதற்காக? எங்கள் வீட்டின் பெயர் நிற்பதற்காக. இப்போது எங்கள் வீட்டின் பெயர் நிற்க வேண்டுமானால் அந்த அடக்கத்தையே நான் பள்ளிவாசல் நடுவில் போட்டு உடைக்க வேண்டும்.

*

மறுநாளும் ஓத உட்கார்ந்தேன்; ஷஃபான் முடியுமுன் கடைசிச் சொல்லுக்கும் உள்ளிருந்து 'சரி' வந்தது. ஷஃபான் கடைசி வெள்ளிக்கு நான்கு நாள் முன்பு வடக்கே பெரிய ஆற்று நாட்டிலிருந்து ஒரு அறிஞர் வந்து சேர்ந்தார். செர்னோ ஜிப்ரில்லா. நாற்பது நாள் நடந்து வந்திருந்தார். பாதம் வெடித்திருந்தது. என் அண்ணனிடம் பொருளுரை ஓத வேண்டும் என்பதற்காகவே வந்தவர். ஊர் எல்லையில் மரணச் செய்தியைக் கேட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம். இமாம் அவரைத் தன் வீட்டில் தங்க வைத்தார். இரு குடும்பத்துக்கும் உறவில்லாதவர் என்பதால் சபையில் அவரே சோதிக்கட்டும் என்று எல்லோரும் சம்மதித்தோம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தது. முற்றத்தின் நடுவில் வெள்ளைத் தோலை விரித்தார்கள். பெண்கள் பக்கத்து நாணல் வேலிக்குப் பின்னால் வளையல் ஓசை கேட்டது. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

முதலில் மாஜுவின் தம்பி. நன்றாக ஓதினார். அவருடைய வரிசை லாபே வழியாக, ஒன்பது பெயர்கள். பிறகு நான். ஜிப்ரில்லா வேதத்தின் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் எங்கெங்கோ கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னேன். மழை வசனத்தையும் கேட்டார். "பொறுத்திருக்கிறவர்களுக்காக" என்பதை விட்டுச் சொன்னபோது வயதானவர் ஒருவர், "யேரோ, உங்கப்பா ஒண்ணு சேர்ப்பாரே" என்றார். "அது அந்த வருஷத்துக்கு அவர் குடுத்த ஆறுதல், வரிசையில வந்ததில்லை" என்றேன். ஜிப்ரில்லா முன்னால் குனிந்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இவ்வளவு சுத்தமா இதை வச்சிருக்கற வழி இந்த மலையில இருக்குன்னு நினைக்கலை" என்றார். "சரி, அல்ஃபா யேரோ. இந்தப் பொருளை யார்கிட்ட ஓதுனீங்க?"

முற்றத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க வீட்டார் ஒருத்தர்கிட்ட" என்றேன்.

"யாரு?"

"எங்கண்ணன் செர்னோ இஸ்மாயிலாகிட்ட ஓதி முடிச்சவங்ககிட்ட."

"பேரு?"

நான் நீட்டிய காலைத் தடவிக்கொண்டேன். இமாம் என்மேல் இரக்கப்பட்டார். "செர்னோ, எங்களுக்கெல்லாம் தெரியும். அது இவரோட மூத்த பிள்ளை. எங்க வழக்கம் உங்களுக்கும் தெரியும். 'வீட்டார் ஒருத்தர்'னே வச்சுக்கலாமே."

ஜிப்ரில்லா தலையை அசைத்தார். "எனக்கும் மூத்த பிள்ளை இருக்கு. நானும் ஃபுலாதான். அவர் படற பாடு எனக்குத் தெரியும். ஆனா பேரில்லாத இடத்துல வரிசை அறுந்து போயிடுது. அதுக்கு மேல இருக்கற எல்லாரும் அறுந்து போயிடறாங்க. அவங்க அப்பா, தாத்தா, எல்லாரும்."

மாஜு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தரையைத்தான் பார்த்தார்கள். உடையில்லாமல் நிற்கிற ஒருவனைப் பார்க்காமல் இருக்க முயல்வதைப் போல.

முழங்கால் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்திருந்த நான் முதுகை நிமிர்த்தினேன்.

"நான் இதை ஓதினது, ஹஃப்ஸத்துகிட்ட. ஹஃப்ஸத்து ஓதினது செர்னோ இஸ்மாயிலாகிட்ட. அவர் ஓதினது எங்கப்பாகிட்ட..."

நிறுத்தாமல் கடைசிப் பெயர் வரை போனேன். சுற்றிலும் பெரியவர்கள் தலைத்துணியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். வேலிக்குப் பின்னால் வளையல் ஓசை நின்றுவிட்டது. இருபத்தேழு ஆண்டுகளில் என் வாயிலிருந்து அந்தப் பெயர் வருவதை அவள் அப்போதுதான் கேட்டிருப்பாள்.

"மூணு தடவை சொல்றது வழக்கம்" என்றார் ஜிப்ரில்லா, மென்மையாக.

இரண்டாவது முறை சொன்னேன். அப்போது அந்த வரிசையை நான் முதன்முதலாகக் கேட்டேன். பாலைவன ஓரத்து ஆசான், என் தாத்தா, என் தகப்பனார், என் அண்ணன். எல்லோரும் இறந்தவர்கள். அவர்கள் எல்லோரும் தங்கள் கையிலிருந்ததை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேதத்தின் பொருள் இந்த ஊரில் தரையில் விழாமல் நின்றது அந்த ஒரு பெயரின் மேல். நான் அதை வெட்கம் என்று நினைத்து விழுங்க இருந்தேன்.

மூன்றாவது முறை தேவைக்கு அதிகமாகவே உரக்கச் சொன்னேன். வேலிக்கு அப்பாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "போதும் கொழுந்தனாரே, லாபே வரைக்கும் கேட்டிருக்கும்!" எங்கோ ஒருவர் சிரித்துவிட்டு அழுதார்.

இமாம் பெரியவர்களைப் பார்த்தார். பிறகு தோல் எங்கள் வீட்டிலேயே இருக்கும் என்று அறிவித்தார். மாஜு எழுந்து வந்து என் முன்னால் குந்தினார்.

"என்னால முடிஞ்சிருக்காது, யேரோ" என்றார். "தோலுக்காக இல்ல, சொர்க்கத்துக்காகன்னாலும் என்னால முடிஞ்சிருக்காது."

எல்லோரும் எழத் தொடங்கினோம். ஜிப்ரில்லா மட்டும் எழவில்லை.

"என் வேலை இன்னும் முடியலை" என்றார். "நான் செர்னோ இஸ்மாயிலாவோட வழியை வாங்க வந்தேன்."

"ரமலான் முடிஞ்சதும் உங்களுக்கு ஓதித் தர்றேன்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாகவே தோன்றியது.

"மன்னிக்கணும், அல்ஃபா. உங்ககிட்ட வாங்கினா எனக்கும் அவருக்கும் நடுவுல ரெண்டு பேர். உங்க மககிட்ட வாங்கினா ஒருத்தர். நடுவுல ஆள் எவ்வளவு குறையுதோ, தண்ணி ஊத்துக்கு அவ்வளவு கிட்ட. அவங்க உயிரோட இருக்கறப்ப நான் ஏன் தள்ளி நிக்கணும்? செர்னோ ஹஃப்ஸத்து அனுமதிச்சா, அவங்க வாசல்ல உட்கார்ந்து ஓத ஆசைப்படறேன்."

"நாற்பது நாள் நடந்து வந்தது ஒரு பொம்பள வாசல்ல உட்காரவா?" யாரோ கேட்டார்கள். மாஜுவின் தம்பி என்று நினைக்கிறேன்.

"ஒரு ஆள் குறையும்னா இன்னொரு நாற்பது நாளும் நடப்பேன்" என்றார் ஜிப்ரில்லா.

செர்னோ. அந்தப் பட்டத்தை அவள் பெயருக்கு முன்னால் அவர்தான் முதலில் வைத்தார். அது நான்கு ஆண்டுகளாக அவளுடையது. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

*

அவள் உடனே சம்மதிக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அண்ணி மூலம் பதில் வந்தது. வடக்கே அவர் என்ன ஓதியிருந்தாலும் இங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் விட்டுப் போக நினைக்கிறவர் தொடங்கவே வேண்டாம். எழுதும் பலகையை அவரே கொண்டு வர வேண்டும். ஜிப்ரில்லா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்குள் இப்போதும் நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவளும் என்னை நேராகப் பார்ப்பதில்லை. அண்ணி வாசற்படியில் நூல் நூற்றபடி எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டு இருக்கிறார். வரிசை சொல்லும்போது மட்டும் சொல்கிறேன். அதில் குறை வைப்பதில்லை.

எனக்கும் ஒருமுறை போதவில்லை, இரண்டாம் முறை ஓதப் போனேன். அன்று காலை நான் கைகால் கழுவி வந்தபோது, ஜிப்ரில்லா எனக்கு முன்பே வந்திருந்தார். செருப்பைத் தூரத்தில் கழற்றி வைத்திருந்தார். தலைத்துணி புதிதாகத் துவைத்தது. நாற்பது நாள் வெடிப்போடு வந்த பாதங்கள். ஆறு நாடுகளில் அவர் பெயருக்கு எழுந்து நிற்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஒரு பிள்ளையைப் போலப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கதவுத் தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் அப்படியே நின்றேன்.

அப்புறம்தான் அவர் உட்கார்ந்திருந்தது என் தோல் என்று கவனித்தேன். வாசலுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது.

"செர்னோ" என்றேன், "அது என் இடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் உங்களைவிட வயசுல மூத்தவன், அல்ஃபா."

"மூத்தவர்தான். படிப்பிலயும் நான் உங்க பக்கத்துல நிக்க முடியாது. வெளியில எங்க வேணும்னாலும் உங்களுக்குப் பின்னால நடப்பேன்." முதுகை நிமிர்த்தினேன். "ஆனா இந்த வாசலுக்கு நான் உங்களுக்கு ஒண்ணரை மாசம் முன்னாடி வந்தவன். இங்க மூத்த மாணவன் நான். பின்னால உட்காருங்க."

அண்ணி கதிரைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஜிப்ரில்லா எழுந்து, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் மண்ணில் போய் உட்கார்ந்தார்.

நான் என் தோலில் உட்கார்ந்து காலை நீட்டினேன்.

உள்ளே இருந்து குரல் வந்தது. "பெரியம்மா, தொடங்கச் சொல்லுங்க."

மூத்த மாணவன்தான் முதலில் ஓத வேண்டும். நான் தொடங்கினேன்.